கடல்மணலை ஆராய்ந்த அல்சீட் தோர்பிஞி

கடற்கரைக்குச் சென்று மீள்வோர் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடப்பது வழக்கம். அம்மணலிற் கல்லும் சிப்பித்தூளும் அன்றி வேறொன்றும் இல்லையென்பதே பெரும்பாலார் எண்ணம். ஆயினும், தகுந்த கரையொன்றில் எடுத்த ஒரு சிட்டிகை மணலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கின், அம்மணிகளுட் பல கற்களல்ல, ஓடுகள் என்பது புலனாகும். சுருண்டு சுற்றியவை சில. முத்துக்கோவைபோல் நிரலாய் நீண்டவை சில. குமிழிகள் ஒன்றையொன்று பற்றி நிற்பன போன்றவை சில. பெரும்பாலான ஓடுகள் பல அறைகளாய் வகுக்கப்பட்டிருக்கும். அறைக்கும் அறைக்கும் இடையே துளை இருக்கும். இவற்றை ஆக்கும் உயிர்கள் ஒரே கலத்தாலானவை. போராமினிபெரா என்பது அவற்றின் பெயர். துளைதாங்கிகள் என்பது அச்சொல்லின் பொருள்.

இப்பெயரை விஞ்ஞான உலகுக்குத் தந்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் அல்சீட் தோர்பிஞி. அப்பொழுது அவருக்கு வயது 23. பெயரிட்ட அவ்வுயிர்கள் எவ்வினத்தைச் சேர்ந்தவை என்பதில் அவர் தவறினார். பூமியின் வரலாறு பற்றிப் பிற்காலத்தில் அவர் வகுத்த பெருங்கொள்கையும் நிலைத்து நிற்கவில்லை. எனினும், சமுத்திரங்களின் பழைய நிலையை ஆராயப் புகும் எவரும் இன்றுவரை அவர் பெயரை எழுதாது தம் ஆராய்ச்சியை முடித்தல் அரிது. கொள்கையில் தோற்ற ஒருவர் விஞ்ஞானத்தில் நிலைபெற்றது எவ்வாறு என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

இளமையும் மணலும்

1802ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள், பிரான்சின் மேற்கே லுவார் நதி கடலோடு கலக்குமிடத்துக்கு அணித்தாயுள்ள குவேரோன் என்னும் ஊரில் தோர்பிஞி பிறந்தார். தகப்பனார் கப்பல் வைத்தியராய்ப் பணியாற்றியவர். இயற்கைப் பொருள்களை ஆராய்வதிற் பேரார்வமுடையவர். தம்பியரில் ஒருவரான சார்ள் தோர்பிஞியும் பின்னாளில் இயற்கை வரலாற்றகராதி ஒன்றைப் பதிப்பித்துப் புகழ்பெற்றார். குடும்பம் லா ரொஷெல் நகரை அடுத்த கடற்கரைக்குக் குடிபெயர்ந்த காலத்தில், சேற்றையும் மணலையும் வாரிவந்து நுணுக்குக்காட்டியில் ஆராயும் பழக்கத்தைத் தகப்பனாரிடமே மைந்தர் கற்றார். பதின்பருவத்திலே தொடங்கிய அவ்வாராய்ச்சி அவர் ஆயுளின் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

இந்நுண்ணோடுகளை முதலிற் கண்டவர் தோர்பிஞி அல்லர். இத்தாலியிற் பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி 1731ஆம் ஆண்டளவில் அவற்றைப்பற்றி எழுதியிருந்தார். ரிமினி நகரத்து வைத்தியர் ஜியொவானி பியாங்கி, தம்மூர்க் கரைமணலில் தாம் கண்ட நுண்ணோடுகளை 1739இல் நூலாக வெளியிட்டார். சுருளும் அறைகளும் கொண்ட அவ்வோடுகள், நோட்டிலசு எனப்படும் அறைச்சங்கின் சிற்றுருவங்கள் போலத் தோன்றின. ஆதலால் அவையும் கணவாய், நோட்டிலசு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகளே என அக்கால அறிஞர் கொண்டனர். உருவ ஒற்றுமையை உறவின் அடையாளமாகக் கொண்டமையால் நேர்ந்த மயக்கம் அது. தோர்பிஞியும் அதற்கு விலக்கல்லர்.

ஆனால் முன்னோர் காணாத ஒன்றை அவர் கண்டார். நோட்டிலசின் அறைகளை ஒரு குழாய் ஊடுருவிச் செல்கின்றது. நுண்ணோடுகளிலோ குழாய் இல்லை, துளைகளே உள. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, தலைக்காலிகள் என்னும் வகுப்பினுள் இவற்றைத் தனி வரிசையாகப் பிரித்தார். அறைகள் நேர்நிரலாய் அமைந்தவை, ஒன்றுவிட்டொன்றாய் அமைந்தவை, சுருளாய் அமைந்தவை எனப் பாகுபடுத்தி, ஐந்து குடும்பங்களாக வகுத்தார். இவ்வாய்வு 1825ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைக்கப்பட்டு, 1826இல் அச்சேறியது. ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் அதிற் பெயர்பெற்றன.

கண்ணுக்குப் புலனாகாத பொருளைப் பிறருக்கு எங்ஙனம் காட்டுவது? இங்கேதான் தோர்பிஞியின் கைத்திறன் வெளிப்பட்டது. நுணுக்குக்காட்டியில் நோக்கியவாறே, ஒவ்வோர் இனத்தின் உருவத்தையும் பன்மடங்கு பெருப்பித்து மென்மையான சுண்ணக்கல்லிற் செதுக்கினார். அவற்றைப் பரிசுச்சாந்தில் வார்த்து, 25 உருவங்கள் கொண்ட நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். இவ்வாறு நூறு மாதிரிகள் ஐரோப்பிய நூதனசாலைகளைச் சென்றடைந்தன. மணற்பொடியிலும் சிறிய ஓட்டை மாணவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பு அன்றுதான் உண்டாயிற்று. அவர் எழுத எண்ணியிருந்த, படங்களோடு கூடிய பெருநூல் மாத்திரம் என்றும் வெளிவரவில்லை. அதற்குக் காரணம் தென்னமெரிக்கா.

தென்னமெரிக்கப் பயணம்

பரிசு இயற்கை வரலாற்று நூதனசாலை, தென்னமெரிக்காவின் இயற்கைப் பொருள்களைத் திரட்டிவரத் தக்க இளைஞரைத் தேடிற்று. தெரிவு தோர்பிஞியின்மேல் வீழ்ந்தது. 1826இற் புறப்பட்டவர் 1834இலேயே தாய்நாடு மீண்டார். பிரேசில், உருகுவே, ஆர்ஜென்டீனா, சிலி, பொலிவியா, பெரு ஆகிய நாடுகளில் அவர் அலைந்தார். பரானா ஆற்றின் வழியே படகிற் சென்றார். 1829இற் பத்தகோனியாவின் வறண்ட வெளியில் மாதக்கணக்கில் தங்கினார். அந்தீசு மலைத்தொடரைக் கடந்தார். பொலிவியாவில் 1830 முதல் 1833 வரை அவர் நடத்திய ஆராய்ச்சிக்கு அந்நாட்டுச் சனாதிபதி அந்திரே சாந்தா குரூசு பெருந்துணை புரிந்தார். பேரிலைகளையுடைய நீராம்பல் ஒன்றுக்கு விக்ரோறியா குருசியானா எனத் தோர்பிஞி பெயரிட்டமை அந்நன்றியின் அடையாளமாகும்.

விலங்கு, பறவை, மீன், செடி, கல், உயிர்ச்சுவடு என அவர் திரட்டியவை பல்லாயிரம். அந்நிலங்களின் பழங்குடி மக்களின் வாழ்வையும் மொழிகளையும் அவர் கூர்ந்து நோக்கினார். அமெரிக்க மனிதனைப்பற்றித் தனிநூலொன்று 1839இல் வெளியிட்டார். பயணத்தின் முழுப்பயனும் 1835 முதல் 1847 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது.

அதே காலத்திற் பீகிள் கப்பலில் தென்னமெரிக்காவை அடைந்த இளைஞர் சார்ள்ஸ் டார்வின், பிரெஞ்சு அரசின் ஆள் ஒருவர் தமக்கு முன்னரே ரியோ நீக்ரோப் பகுதியில் ஆராய்ந்துவிட்டார் என அறிந்து, சிறந்தவற்றையெல்லாம் அவரே கொண்டுபோயிருப்பாரோ எனக் கவலையுற்று, 1832இல் தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆள் தோர்பிஞியே. ஆயினும் போட்டி பகையாகவில்லை. டார்வின் திரட்டிவந்த உயிர்ச்சுவட்டுச் சிப்பிகளை ஆராய்ந்து இனங்காண்பதிற் பின்னாளிற் தோர்பிஞியே உதவினார். பம்பாசுச் சமவெளியின் மண் எவ்வாறு படிந்தது என்பதில் மாத்திரம் இருவரும் உடன்படவில்லை. பெருவெள்ளப் பிரளயமொன்று திடீரெனக் கொணர்ந்து குவித்த மண் அது என்றார் தோர்பிஞி. ஆற்றுமுகத்தில் நெடுங்காலம் சிறிது சிறிதாகப் படிந்தது என்றார் டார்வின். இக்கருத்து வேற்றுமை சிறிதெனத் தோன்றினும், தோர்பிஞியின் சிந்தனை செல்லும் வழியை அது முன்னரே காட்டிற்று.

தவறு திருத்தப்பட்டது

தோர்பிஞி மீண்ட மறு ஆண்டே, அவர் இளமையில் எழுப்பிய கட்டடத்தின் அத்திவாரத்தை வேறொருவர் அசைத்தார். பெலிக்சு துஜார்தான் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஓடுகளோடு நில்லாது, மத்தியதரைக் கடலில் உயிருள்ள போராமினிபெராக்களையே நீரில் வைத்து நோக்கினார். தலையில்லை, கால்களில்லை, குடலுமில்லை. ஓட்டினின்று வெளிப்படும் நுண்ணிழைகள் நீண்டும் சுருங்கியும் இரை தேடுகின்றன. உள்ளே இருப்பது ஒரே தன்மைத்தான கூழ்ப்பொருள் மாத்திரமே. பிற்காலத்தார் முதலுரு என வழங்கிய பொருள் இதுவே. ஆகவே, இவை கணவாய்க்கு உறவல்ல, உயிர்களுள் மிக எளியவற்றைச் சேர்ந்தவை என 1835இல் துஜார்தான் நிறுவினார்.

தமக்குப் புகழ் தேடித்தந்த முடிபு பிழையெனக் கேட்கும் அறிஞன் என்செய்வான்? பலர் தம் கட்சியை விடாது வாதிடுவர். தோர்பிஞி 1839இல் கியூபாத் தீவின் போராமினிபெராக்களைப்பற்றி எழுதிய நூலில், அவற்றைத் தலைக்காலிகளினின்றும் நீக்கித் தனி வகுப்பாக்கினார். அவற்றின் எளிமையை அவர் முற்றாக ஒப்புக்கொண்டார் எனல் முடியாது. அவற்றுக்கு உரியதிலும் உயர்ந்த படியிலேயே அவர் வைத்திருந்தார். எனினும் பழைய நிலையினின்றும் இறங்கிவந்தார். தாம் இட்ட பெயரையும் தாம் கண்ட இனங்களையும் காத்துக்கொண்டு, பொருந்தாத உறவை மாத்திரம் கைவிட்டார்.

அந்நூல் மற்றொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அந்தில்லீசுத் தீவுகளின் மணலில் ஓர் அவுன்சில் 38 இலட்சத்துக்கு மேற்பட்ட ஓடுகள் உளவென அவர் கணக்கிட்டார். கண்ணுக்கெட்டாத இவ்வுயிர்கள் கரைகளையும் கடலடித்தளத்தையும் ஆக்குவதிற் பெரும்பங்கு கொள்கின்றன என்பதை அவர் உணர்ந்தார். பாறைகளிலும் அவற்றைத் தேடினார். பரிசைச் சூழவுள்ள வெண்சுண்ணப்பாறையின் போராமினிபெராக்களை 1840இலும், வியன்னாவைச் சூழவுள்ள படிவுகளில் உள்ளவற்றை 1846இலும் விவரித்தார். வியன்னா நூலில் மாத்திரம் 228 இனங்கள் உள. ஒரு படிவில் எவ்வெவ்வினங்கள் உள்ளன என்பதைக் கொண்டு அப்படிவின் காலத்தை அறியலாம் என்னும் முறை இந்நூல்களால் வலுப்பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க் கிணறு தோண்டிய கம்பனிகள் இம்முறையையே கைக்கொண்டன. துளையிடுங்கருவி பெரிய சிப்பியைப் பொடியாக்கிவிடும். நுண்ணோடோ உடையாது மேலே வந்து, இன்ன காலத்துப் பாறை இது எனச் சான்று பகரும்.

இருபத்தேழு படைப்புகள்

1840 முதல் தோர்பிஞியின் உழைப்பு வேறொரு பெருந்தொழிலிற் சென்றது. பிரான்சின் உயிர்ச்சுவடுகள் அனைத்தையும் விவரிக்கும் நூல்வரிசையைத் தொடங்கினார். 1849 தொடக்கம் 1852 வரை வெளிவந்த மற்றொரு நூலில், உலகெங்குமுள்ள ஏறத்தாழ 18,000 உயிர்ச்சுவட்டினங்களைக் காலவரிசைப்படி நிரைப்படுத்தினார். புதுச்சேரியை அடுத்த படிவுகளிற் கிடைத்த சிப்பிகளும் அந்நிரையில் இடம்பெற்றுள்ளன. பாறைப்படைகளை 27 நிலைகளாக அவர் வகுத்தார். தோவார்சியன், பஜோசியன், அப்தியன், அல்பியன், செனோமேனியன், தூரோனியன் என அவர் தந்த பெயர்கள் பலவற்றை உலகெங்கும் புவிச்சரிதவியலார் இன்றும் ஆளுகின்றனர்.

இந்நிலைகள் தோன்றியதற்கு அவர் கூறிய காரணமே நிலைக்கவில்லை. கூவியேயின் வழிநின்ற அவர், ஒவ்வொரு நிலையின் முடிவிலும் பிரளயமொன்று பூமியின் உயிர்களை முற்றாக அழித்ததென்றும், பின் புதியனவாய் உயிர்கள் படைக்கப்பட்டனவென்றும் கருதினார். இருபத்தேழு முறை அழிவு; இருபத்தேழு முறை படைப்பு. தாம் கண்ட இனங்கள் ஒரு படையில் மறைந்து அடுத்த படையில் வேறாய்த் தோன்றியமையே அவருக்குச் சான்று. இடையே உள்ள படிவுகள் அரித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்பதையும், ஓரிடத்தில் மறைந்த இனம் வேறோரிடத்தில் வாழ்ந்திருக்கலாம் என்பதையும் அவர் போதிய அளவு எண்ணவில்லை.

இக்கொள்கை பலரை அவருக்கு எதிராக்கிற்று. விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்துவம் அவருக்கு என்றும் கிட்டவில்லை. 1853இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், பரிசு நூதனசாலையில் உயிர்ச்சுவட்டியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி புதிதாய் நிறுவப்பட்டு அவருக்கு அளிக்கப்பட்டது. அதனை அவர் நான்கு ஆண்டுகளே வகித்தார். 1857ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள், பரிசுக்கு அணித்தாயுள்ள பியர்பித்து என்னும் ஊரில், 54ஆம் வயதில் அவர் காலமானார். அவர் திரட்டிய பெருந்தொகுதியை நூதனசாலை மறு ஆண்டு விலைக்கு வாங்கிற்று. அதற்கும் அடுத்த ஆண்டு, 1859இல், இனங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்தது. இருபத்தேழு படைப்புகள் என்னும் கொள்கை அதன்பின் தலையெடுக்கவில்லை.

ஓடுகள் கூறிய வரலாறு

தோர்பிஞி மறைந்த அதே 1857ஆம் ஆண்டில், அத்திலாந்திக் சமுத்திரத்திற் தந்திக்கம்பி இடுவதற்காகச் சைக்கிளொப்சு என்னும் ஆங்கிலக் கப்பல் ஆழம் அளந்தது. அதள பாதாளத்தினின்று மேலே வந்த வெண்சேறு பெரும்பாலும் குளோபிசெரீனா ஓடுகளாகவே இருந்தது. அவர் 1826இல் ஏற்படுத்திய சாதி அது. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலஞ்சர் கப்பல் அச்சேறு சமுத்திரத்தரையிற் பரந்து கிடப்பதைக் கண்டது. அவ்வுயிர்கள் வாழ்வது நீரின் மேற்பரப்பிலேயே; இறந்தபின் ஓடுகள் மழைபோற் கீழிறங்கி, ஆண்டாண்டாய் அடுக்கடுக்காகப் படிகின்றன. அக்கப்பல் திரட்டிய போராமினிபெராக்களைப்பற்றி ஹென்றி பிரேடி 1884இல் வெளியிட்ட பெருநூலை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டுகின்றனர்.

எகிப்தியப் பிரமிட்டுக் கற்களில் நாணயம் போன்ற போராமினிபெரா ஓடுகள் செறிந்துள்ளன. பழைய கிரேக்க அறிஞர் ஸ்திராபோ எழுதிய காலத்தில், அவற்றைத் தொழிலாளர் உண்டு எஞ்சிய பயறு கல்லானது என மக்கள் கருதினர். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணறு வெட்டும்போது எதிர்ப்படும் சுண்ணக்கல்லும், மயோசீன் காலத்துக் கடலில் வாழ்ந்த போராமினிபெராக்களின் ஓடுகளைத் தன்னகத்தே கொண்டதே.

ஓடுகள் காலத்தைக் கூறும் என்பதைத் தோர்பிஞி அறிவார். அவை குளிரையும் வெப்பத்தையும் கூறும் என்பது அவருக்கு ஒரு நூற்றாண்டின் பின்னரே தெரியவந்தது. ஓட்டிலுள்ள காபனேற்றில் ஒட்சிசன் உண்டு. ஒட்சிசனில் 16 என்னும் இலேசான சமதானியும் 18 என்னும் பாரமான சமதானியும் உள. நீர் குளிருந்தோறும் ஓட்டிற் பாரமானது சற்றே மிகும். 1955இல் சேசரே எமிலியானி என்னும் அறிஞர் ஆழ்கடற் படிவுகளைத் துளையிட்டெடுத்து, அடுக்குத்தோறும் இவ்விகிதத்தை அளந்து, பனியூழிகள் மாறிமாறி வந்தமையைக் காட்டினார். பெக்காரி வாழ்ந்த பொலோஞாவே அவர் பிறந்த நகரம் என்பது இன்பமான ஒற்றுமை. பனியூழியில் இலேசான ஒட்சிசன் கொண்ட நீர் பனிக்கட்டியாய் நிலத்திற் தங்கிவிடுவதால், இவ்விகிதம் வெப்பத்தோடு உலகின் பனித்திரளையும் காட்டுகின்றது என 1967இல் நிக்கலஸ் சாக்கிள்டன் தெளிவுபடுத்தினார்.

1976இல் ஹேய்ஸ், இம்பிரி, சாக்கிள்டன் மூவரும், இந்து சமுத்திரத்தின் தென்பகுதிப் படிவுகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள் என்னும் கால அளவுகளில் பனி பெருகியும் சுருங்கியும் வந்தமை புலப்பட்டது. பூமியின் ஓட்டத்திலும் சாய்விலும் நிகழும் மாற்றங்களோடு இக்கால அளவுகள் இசைந்தன. அவ்வாய்வில் ஒட்சிசன் அளக்கப்பட்ட ஓடு குளோபிசெரீனா புல்லோயிடெசு. ரிமினிக் கரைமணலிற் கண்டு தோர்பிஞி 1826இற் பெயரிட்ட அதே இனம்! அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்குங்கால் அடிநீர் மேலெழுந்து கடல் குளிரும். அப்போது இவ்வினம் பெருகும். ஆதலால் அப்படிவுகளில் இவ்வோட்டை எண்ணுவோர், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் வீசிய பருவக்காற்றின் வலிமையை மதிப்பிடுகின்றனர்.

அவருடைய பிரளயக் கொள்கைக்கும் காலம் ஒரு வியத்தகு விடை பகர்ந்தது. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன், கிரெத்தேசியக் காலத்தின் முடிவில், மிதந்து வாழ்ந்த போராமினிபெராக்களுள் மிகப்பல திடீரென அழிந்தன. இத்தாலியிற் குப்பியோ நகரையடுத்த பாறைகளில் இம்முறிவு தெளிவாய்த் தெரிகின்றது. விண்கல் மோதியதன் விளைவு அது என 1980இல் அல்வாரெஸ் குழுவினர் கூறினர். பின்வந்த சான்றுகள் அதனை வலியுறுத்தின. ஆகவே பேரழிவுகள் நிகழ்ந்தன என்பதில் அவர் முற்றிலும் பிழைத்தாரல்லர். ஆனால் எல்லாம் அழியவில்லை, புதிதாய்ப் படைக்கப்படவுமில்லை. எஞ்சிப்பிழைத்த சிலவற்றின் வழித்தோன்றல்களே பின் கடலை நிரப்பின.

இனங்களுக்குப் பெயரிடும் முறையில் ஒரு மரபு உண்டு. இனத்தை முதலில் விவரித்தவரின் பெயர் அதன் பின்னே எழுதப்படும். அவர் வைத்த சாதி தவறெனக் கண்டு பின்வந்தோர் வேறொரு சாதிக்கு மாற்றின், அவர் பெயர் பிறையடைப்பினுள் இடப்படும், நீக்கப்படாது. கியூபா நூலில் அவர் குளோபிசெரீனா எனக் கொண்ட செந்நிற ஓடொன்று இன்று வேறு சாதியில் வைக்கப்பட்டுள்ளது. வெப்பக் கடல்களின் பழைய வெப்பநிலையை அளப்போர் அதனைத் தம் அட்டவணைகளில் எழுதும்போதெல்லாம், தோர்பிஞியின் பெயர் பிறையடைப்பினுள் நிற்கின்றது. அவர் தவறியதையும் அவர் கண்டதையும் அவ்வடைப்பு ஒருங்கே காட்டுகின்றது. விளக்கம் மாறலாம், செவ்விதாய்க் கண்டு, செவ்விதாய் வரைந்து, பிறர் சரிபார்க்கக் கூடியவாறு வைத்துச் சென்ற உண்மை மாறுவதில்லை. அவர் செதுக்கிய உருவங்களும் திரட்டிய ஓடுகளும் பரிசு நூதனசாலையில் இன்றும் பேணப்படுகின்றன. ஐயமுறுவோர் சென்று ஒப்புநோக்குகின்றனர்.